பன்னிரண்டாவது வரி

போன வாரம் அக்காவைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதற்காக எனக்கு வந்த வசவுக் கடிதங்களை மேசை ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். "அந்தப் பழைய கோப்பைத் திறந்தாளா இல்லையா, அதையாவது சொல்லித் தொலையுங்கள்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். திறந்தாள் அம்மா, திறந்தாள். நேற்று மாலை திறந்தவளுக்கு இன்று காலை வரை ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இன்றுதான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. அக்கா வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். எந்த ரசாயனம் உயிரணுவுக்குள் புகுந்து மரபணுவில் எந்த எழுத்தை மாற்றி வைக்கிறது என்பதை வரி வரியாகத் திரட்டி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு ரசாயனத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் ஒரு பட்டை. மரபணுவைக் கெடுக்கும் என்றால் சிவப்பு, கெடுக்காது என்றால் பச்சை. அடியில், சரிபார்த்தவரின் பெயரெழுத்துகள். பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் இருப்பது அக்காவின் எழுத்துகள்தான். அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். ஒரு தூசு தப்பாது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஓய்வு பெற்ற விஞ்ஞானி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கோபமே இல்லாத கடிதம். "அந்தத் திரவத்தை முகரவிட்டு நான் சோதித்த எலிகள் நாற்பத்தெட்டு. உங்கள் பக்கத்தில் நான்கு எலிகள்தான் இருக்கின்றன. மீதி நாற்பத்துநான்கும் எங்கே போயின என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்."

எங்கே போயின என்பதை நேற்று மாலை அக்கா கண்டுபிடித்தாள்.

விஷயம் இதுதான், கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஒரே எலியின் உடம்பில், ஒரே இடத்தில், ஒரே மாற்றம் ஐந்து அணுக்களில் தெரிந்தால் அதை ஐந்தாக எண்ணக் கூடாது. ஓர் அணு கெட்டு, அது பெருகி ஐந்தாகியிருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி. நீக்க வேண்டிய அந்த வரிகளுக்கு அலுவலகத்தில் 'ஒட்டிப் பிறந்ததுகள்' என்று செல்லப் பெயர் கூட உண்டு.

அந்த விஞ்ஞானி கூண்டுக்கு நான்கு எலி வீதம் பன்னிரண்டு கூண்டுகளில் வளர்த்தார். எந்தக் கூண்டை எடுத்தாலும் எலிகளுக்கு எண் ஒன்று, இரண்டு, மூன்று, நான்குதான். கூண்டின் எண் தனிப் பத்தியில் இருந்தது. கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும்போது அந்தப் பத்தி எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. பன்னிரண்டு கூண்டுகளும் ஒரே கூண்டாகிவிட்டன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோப்பு கைக்கு வந்தபோது, "பாவம், ஏழை ஆய்வகம் போல, நாலே எலி" என்று தான் இரக்கப்பட்டது கூட அக்காவுக்கு நினைவிருந்தது. பதினைந்து வரிகளில் ஒரே மாற்றம் தெரிந்தது. நான்கு எலிக்கு நான்கு வரியை வைத்துக்கொண்டு பதினொன்றை ஒட்டிப் பிறந்ததுகள் என்று நீக்கினாள். திரவத்தை முகராத எலிகளிலும் அந்த மாற்றம் தானாகவே மூன்று இருந்தது. நான்குக்கும் மூன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? பச்சைப் பட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

உண்மையில் அவை பதினைந்து தனித்தனி எலிகள். பதினைந்து உடம்புகளுக்குள் அந்தத் திரவம் தனித்தனியாகப் போய், அதே இடத்தில் கை வைத்திருந்தது. அதைவிடத் தெளிவாக ஒரு விஷம் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள முடியாது.

அந்தப் பச்சையை நம்பி உலகத்தில் யார் யார் என்னென்ன செய்தார்களோ, அக்காவுக்குத் தெரியாது. ஒருவன் செய்தது மட்டும் தெரியும். அவன் அவளுடைய தம்பி.

தம்பி ஒரு பட்டறையில் கழுவுபிரிவுக்கு மேற்பார்வையாளன். தண்ணீர் பம்புக்கான உலோகச் சாமான்களைக் கடைந்த பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போக ஒரு தொட்டியில் முக்கி எடுப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் போன் செய்தான்.

"அக்கா, இப்ப இருக்கிற கழுவுற தண்ணி நாத்தம் தாங்கல. ஆளுங்களுக்குத் தலை சுத்துது. புதுசா வாங்கிக்கச் சொல்லி மூணு அயிட்டம் எழுதிக் குடுத்திருக்காங்க. உங்க ஆபீஸ் லிஸ்ட்டுல பாத்து எது நல்லதுன்னு சொல்லேன்."

அக்கா பார்த்தாள். இரண்டு நிமிஷ வேலை.

"ரெண்டு சிவப்புடா. கடைசியில இருக்கிறது பச்சை. கண்ணை மூடிட்டு வாங்கு."

அவனும் வாங்கினான்.

*

காலை ஒன்பதரைக்கு நிலையத் தலைவரின் அறையில் அக்கா நின்றாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எதற்கெடுத்தாலும் 'பொறுமை, பொறுமை' என்பார் அவர். அதனாலேயே முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பொறுமை என்றே பெயர்.

"பொறுமை, பொறுமை. எலி செத்து ஆறு வருஷம் ஆச்சும்மா. திங்கக்கிழமை கூட்டத்துல வெச்சுப் பேசுவோம். பச்சையைச் சிவப்பாக்கறதுன்னா சும்மா பெயிண்ட் அடிக்கிற வேலையா?"

"எலி பொறுத்துக்கும் சார். அந்தத் தண்ணியில இன்னைக்கும் கையை விட்டுக்கிட்டு இருக்கிறவங்க?"

"அப்படி யாரு இருக்காங்க?"

அக்காவுக்கு 'என் தம்பி' என்ற இரண்டு வார்த்தை வெளியே வரவில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். படித்தவர்களுக்கும் இந்தப் பயம் உண்டு.

தலைவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய கோப்பையும் பக்கத்தையும் அருகருகே வைத்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூண்டு எண் பத்திக்கு வந்ததும் விரல் நின்றது.

"இதை யாரு சரிபார்த்தது?"

"கீழே பாருங்க சார்."

பார்த்தார். இரண்டாவது கையெழுத்து அவருடையது. அது இல்லாமல் எந்தப் பட்டையும் நிறம் மாறாது. போட்டுக் கொடுத்தார். பொறுமை என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை.

அக்கா தன் இடத்துக்கு வந்து பதினொரு வரிகளையும் திரும்பச் சேர்த்தாள். பதினொன்றாவது வரி ஏறியதும் பட்டை தானாகச் சிவந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்த்து, "அட, சல்லடையில கூட ஓட்டையா?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை.

அப்போதுதான் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. பட்டை பச்சையிலிருந்து சிவப்பாக மாறியதால், இந்தப் பக்கத்தைக் கவனித்துவரும் அறுபத்து மூன்று பேருக்கு இன்று மாலை மூன்று மணிக்கு எச்சரிக்கைக் கடிதம் தானாகப் போகும், பெயர்களைச் சரிபார்க்கவும்.

சரிபார்த்தாள். கல்லூரிகள், ஆலைகள், யாரோ ஒரு வழக்கறிஞர். முப்பத்தெட்டாவது வரியில் தம்பி.

அவன் என்றைக்கோ சொன்னது ஞாபகம் வந்தது. "உன் பேரு கீழ இருக்குல்ல, அதான் நானும் என் பேரைப் பதிஞ்சு வெச்சேன். அந்தப் பக்கத்துல ஒரு எழுத்து மாறினாலும் எனக்குத் தகவல் வந்துடும், பாத்துக்க!" அதை அவள் யார் யாரிடமோ சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மூன்று மணிக்கு அவன் போன் ஒலிக்கும். எடுத்துப் பார்ப்பான். தான் இரண்டு வருஷமாகக் கையை விட்ட தொட்டி என்ன தொட்டி என்பதை ஓர் இயந்திரம் அவனுக்குச் சொல்லும். அடியில் அக்காவின் எழுத்துகள் இருக்கும்.

அக்காவை நல்லவளாகவே காட்டிக்கொண்டு போக எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததை மறைத்து என்ன பயன்? அந்த முப்பத்தெட்டாவது வரியின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். 'நீக்கவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். அறுபத்து மூன்று அறுபத்திரண்டு ஆயிற்று.

இந்தப் பக்கத்திலிருந்து அவள் கையால் எடுத்த பன்னிரண்டாவது வரி அது.

'நேர்ல போய் நானே சொல்லிக்கறேன்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. ஆனால் பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது இன்னொரு எண்ணமும் கூடவே வந்தது. இனிமேல் சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம்தான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

*

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. மனசு வேண்டாத கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தது. வாரத்துக்கு ஆறு நாள். நாளுக்கு எட்டு மணி நேரம். இரண்டு வருஷம். எலிகள் முகர்ந்தது வெறும் மூன்று மாதம்.

நிறுத்து, நிறுத்து என்று சொல்லிப் பார்த்தாள். நிற்கவில்லை.

பாதி வழியில் அவளுக்கு ஓர் உபாயம் தோன்றியது. எதற்காக எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும்? 'இதைவிட நல்ல தண்ணி ஒண்ணு புதுசா வந்திருக்கு, மாத்திடு' என்றால் போதுமே. அக்கா சொன்னால் அவன் கேட்பான். தொட்டி மாறிவிடும். ஆபத்து நின்றுவிடும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. அவன் முகத்தைப் பார்த்து தன் தப்பைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

காலையிலிருந்து முதன்முதலாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது. பட்டறை நிறுத்தத்தில் இறங்கும்போது நடையில் கொஞ்சம் தெம்பு கூட இருந்தது.

வாசலில் தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள். அதே பட்டறையில் பேக்கிங் பிரிவு அவளுடையது. அட்டைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவள், தூரத்திலேயே கண்டுகொண்டு குரல் கொடுத்தாள். அவள் வாய்க்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"என்ன அண்ணி, ஆபீசுக்கு மட்டமா? நீங்க மட்டம் போட்டா மழையில்ல கொட்டணும்!"

"சும்மாதான்... இந்தப் பக்கம் ஒரு வேலை."

"உங்க தம்பியைப் பாக்கணும்னா அந்தத் தொட்டிகிட்டப் போங்க. வீட்டுல என்னைப் பாக்கிறதைவிட அங்க அதைத்தான் அதிகமாப் பாக்கிறாரு. நான் இதை ஏத்திட்டுச் சாப்பாட்டோட வர்றேன்."

அக்கா சிரித்து வைத்தாள். இவளிடம் எத்தனை பண்டிகைக்கும் நல்ல நாளுக்கும் சிரித்திருக்கிறாள். இன்றைக்குக் கன்னம் வலித்தது.

கழுவுபிரிவு பட்டறையின் பின்கோடியில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. நீளமான இரும்புத் தொட்டி. கம்பிக் கூடைகளில் சாமான்களைப் போட்டு முக்கி, ஆட்டி, தூக்கி, வடியவிட்டார்கள். ஏழு பேர். தொட்டியில் இருந்தது பார்க்க வெறும் தண்ணீர். வாடையும் பெரிதாக இல்லை, லேசாக ஒரு தித்திப்பு வாடை. ஆனாலும் அங்கே எல்லோரும் அதைப் 'பச்சை' என்றுதான் சொன்னார்கள். "டேய், பச்சை கம்மியா இருக்கு, ஊத்து."

ஏன் அந்தப் பெயர் என்று அக்காவுக்குச் சுவரைப் பார்த்ததும் புரிந்தது. அவளுடைய பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தொட்டிக்கு நேர் மேலே ஒட்டியிருந்தான் தம்பி. தலையில் பச்சைப் பட்டை. அடியில் அவளுடைய எழுத்துகள். அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் வேறு.

ஏழு பேரில் ஒருவர் கையிலும் உறை இல்லை.

"கையுறை எங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அது எதுக்கும்மா? சாமான் வழுக்குது. பச்சைதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு. அவங்க அக்கா பெரிய ஆராய்ச்சிக்காரங்களாம்."

அதே நேரத்தில் தொட்டியின் அந்தக் கோடியில் ஒருவன் குனிந்தான். கூடையிலிருந்து நழுவிய சாமானை எடுக்கச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினான். அவன் அவளுடைய தம்பி.

"கையை எடுடா!"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான். கை நுனியிலிருந்து பச்சை சொட்டியது.

"அக்கா! நீயா? என்ன இப்படிக் கத்துற, பாம்பா இருக்கு உள்ள?" அவன் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு சிரித்தான். "டேய், இவங்கதான் எங்க அக்கா. அந்தச் செவத்துல இருக்கிறது இவங்க கையெழுத்துதான்."

ஏழு பேரும் மரியாதையாக வணக்கம் சொன்னார்கள்.

*

தம்பியின் அறை, கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன இடம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கதவைச் சாத்தினால் சத்தம் பாதி குறையும். சாத்தினான்.

அக்கா தயார்செய்து வந்ததைச் சொன்னாள்.

"அந்தத் தண்ணியை மாத்திடு. அதைவிட நல்லது ஒண்ணு வந்திருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"இதுக்காடி இவ்வளவு தூரம் வந்த? போன்ல சொல்லியிருக்கலாமே." சந்தோஷம் வந்தால் அக்காவை 'அடி' போட்டுப் பேசுவான். "மாத்திடலாம். போன வாரம்தான் ஆறு டிரம் வந்து இறங்கியிருக்கு. அது தீர நாலு மாசம் ஆகும். தீந்ததும் நீ சொல்றதை வாங்கிடறேன்."

"நாலு மாசமா? இல்லடா, இப்பவே."

"இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு? புதுசு வந்திருக்குன்னு ஆறு டிரம்மைக் கீழ ஊத்தவா முடியும்? மேனேஜர் என்னைக் கொன்னுடுவாரு." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "அக்கா, நீ ஏன் தொட்டியையே பாத்துக்கிட்டு இருக்க?"

உபாயம் அவ்வளவுதான், இரண்டு நிமிஷம் கூடத் தாங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழு பேரும் மறுபடி தொட்டிக்குத் திரும்பியிருந்தார்கள். ஒரு கூடை உள்ளே இறங்குவது தெரிந்தது.

"அது பச்சை இல்லடா," என்றாள்.

"எது?"

"நான் தப்புப் பண்ணிட்டேன். மூணு வருஷத்துக்கு முன்னாடியே பண்ணிட்டேன். நாப்பத்தெட்டு எலியை நாலு எலின்னு நெனைச்சு, பதினொரு வரியை எடுத்துட்டேன். அந்த வரியெல்லாம் இருந்திருந்தா அது சிவப்பு. இன்னைக்குக் காலையில மாத்திட்டேன். அது ரத்தம் ஊறுற அணுவுல போய் உக்காருது. தெரியாம உனக்கு... நான்தான் உனக்குச் சொன்னேன்."

தம்பியின் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்தது போல.

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னாள். இரண்டாவது தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எலிக்குத்தானே?"

"எலிக்குத்தான். மனுஷனுக்கும் அப்படியே வரும்னு சொல்ல முடியாது. வராதுன்னும் சொல்ல முடியாது. மூணு மணிக்கு எல்லாருக்கும் கடிதம் போகுது. உன் பேரும் அதுல இருந்துச்சு. நீ அதைப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு உன் பேரை எடுத்துட்டேன். அதையும் சொல்லிடறேன்."

அவன் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

போய்விட்டான், இனி என் முகத்தில் முழிக்கமாட்டான் என்றுதான் அக்கா நினைத்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவன் நேராகத் தொட்டிக்குப் போய் ஏழு பேரையும் வெளியேறச் சொன்னான். ஒருவர் உள்ளே கிடந்த கூடையைக் காட்டி ஏதோ சொன்னார். தம்பி கத்தினான். அவன் கத்தி அங்கே யாரும் பார்த்ததில்லை என்பது அவர்கள் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. கூடை கிடந்தபடியே கிடக்க, இரும்பு மூடியைத் தனியாளாக இழுத்து மூடினான். முழங்கை வரை சோப்புப் போடச் சொல்லி எல்லோரையும் குழாயடிக்கு அனுப்பினான். கடைசியாகத் தானும் போய்க் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்தபோது சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. கதவைச் சாத்தினான். உட்காரவில்லை.

"திட்டுடா," என்றாள் அக்கா. "ஏதாவது சொல்லு. இப்படி நிக்காதே."

அவன் மேசை இழுப்பறையைத் திறந்து, அடியில் கை விட்டு, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"போன மாசம் ரத்த தானம் குடுக்கப் போனேன். பட்டறையில எல்லாரும் போனோம். என்னுதை மட்டும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க. நல்லா டெஸ்ட் பண்ணிக்கங்கன்னாங்க. பண்ணினதுதான் இது."

அக்கா தாளைப் பிரித்தாள். எண்களைப் படித்துப் பழகிய கண், தேட வேண்டியிருக்கவில்லை. வெள்ளணுக்கள் இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. அதற்குக் கீழே இருந்ததும் குறைவு. அதற்கும் கீழே இருந்ததும்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. எலும்புக்குள்ள ஊசி விட்டு எடுத்துப் பாக்கணுமாம்."

"எப்படா இதெல்லாம்? ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சாதாரணமா இருக்கும்னு நெனைச்சேன்." அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். "டாக்டர் கேட்டாருக்கா. வேலை செய்யற இடத்துல ஏதாவது ரசாயனம் புழங்குறீங்களான்னு ரெண்டு தடவை கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர், எங்க அக்கா பாத்துக் குடுத்ததுதான்னு சொல்லிட்டேன்."

தாளின் கடைசியில், வேலையிடத்தில் ரசாயனத் தொடர்பு என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே, மருத்துவர் நீலப் பேனாவால் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அடிக்கோடு கூடப் போட்டிருந்தார். அக்கா அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் அவள் ஜோடித்த அந்தப் பொய் பலித்திருந்தால், இந்த 'இல்லை' நாளைக்கும் இப்படியே இருந்திருக்கும். ஊசி போடுகிறவர் எதைத் தேடுவது என்று தெரியாமலே தேடியிருப்பார்.

"இதனாலதான்னு இன்னும் யாரும் சொல்லலல்ல?" தம்பி இப்போது அவளைப் பார்த்தான். அவளைத் தேற்றுகிறான்! "வேற ஏதாவதா இருக்கும். நீ ஏன் இப்படி வெளிறிப் போயி உக்காந்திருக்க?"

"நாளைக்கு நானும் வர்றேன். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் நானே சொல்றேன். எந்த இடத்துல மாத்தம் வரும்னு நான் சொன்னா, அந்த இடத்தைப் பாத்துடலாம். அந்த ஏழு பேரும் ரத்தத்தை டெஸ்ட்டுக்குக் குடுக்கணும்டா. ஒருத்தர் விடாம."

"சரி."

"உன் பொண்டாட்டிக்கு இது தெரியுமா?"

அவன் இல்லையென்று அவசரமாகத் தலையசைத்தான். "அவளுக்கு வேண்டாம். நாளைக்குப் பாத்துட்டு, என்னன்னு தெரிஞ்சதும் சொல்லிக்கலாம். ஒரு நாள்தானே? அவ தாங்கமாட்டாக்கா. நீயும் மூச்சு விடாதே. சத்தியமா."

அக்கா பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. கையில் சாப்பாட்டு டப்பாவோடு தம்பி மனைவி.

"ஏன் எல்லாரும் குழாயடியில நிக்கிறாங்க? என்ன, இன்னைக்கு லீவா?" கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

தம்பி அக்காவின் கையிலிருந்த தாளை வாங்கி, ஒரு பழைய ரசீதுப் புத்தகத்துக்குக் கீழே தள்ளினான். அவன் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்ல. தொட்டி கிளீன் பண்ணணும். அதான் நிறுத்தி வெச்சிருக்கோம்."

"உங்களைக் கேக்கல." அவள் அக்காவிடம் திரும்பினாள். "அண்ணி?"

அக்கா எழுந்தாள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நாம மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"யாருக்கு என்ன?"

கண்ணாடியோரம் நின்ற தம்பி வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவன் கண் கெஞ்சியது. சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு அப்படித்தான் அவளைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

"உன் புருஷனுக்கு," என்றாள் அக்கா.

தம்பி மனைவி டப்பாவை மேசைமேல் வைத்தாள். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ரசீதுப் புத்தகத்தைத் தூக்கி, அடியில் இருந்த தாளை எடுத்து, தலைகீழாக இருந்ததை நேராகத் திருப்பி அக்காவின் கையில் கொடுத்தாள்.

"எனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியாது அண்ணி. ஒரு வரி விடாம நீங்களே படிச்சுச் சொல்லுங்க."